புறக்காழ் மரங்களும் மரங்கொத்தியின் பொந்துக்கூடும்: வண்டியூர்ச் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மரங்கொத்தி கூடு கட்டும் பறவை அன்று. பொந்து குடையும் பறவை. முட்டையிடுதலும் அடைகாத்தலும் பார்ப்பு வளர்த்தலும் மரத்தின் உள்ளே நிகழ்வதால், நோக்குவோர் வெளியே தெரியும் அறிகுறிகளைக் கொண்டே உள்ளே நிகழ்வதை உய்த்துணர வேண்டியுள்ளது. மதுரையை அடுத்த வண்டியூர் போன்ற சமவெளிப் பகுதிகளில் இப்பறவை எத்தகைய மரத்தை நாடுகிறது என்பதைத் தொல்காப்பிய மரபியல் கூறும் புறக்காழ், அகக்காழ் என்னும் பாகுபாட்டின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. இனப்பெருக்கத்தின் படிநிலைகளை வெளியிலிருந்து கண்டறியும் முறையையும், அவற்றைத் தமிழில் பதிவு செய்வதற்குரிய சொற்களையும் எடுத்துரைக்கிறது. நிலத்தில் நிற்கும் பட்ட பனை பயனற்றது என்னும் கருத்து மறுபரிசீலனைக்கு உரியது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மரங்கொத்தி, பொந்துக்கூடு, புறக்காழ், அகக்காழ், பார்ப்பு, பிள்ளை, பட்ட பனை, வண்டியூர்

1. முன்னுரை

மதுரை நகரின் கிழக்கே, வைகையின் வடகரையில் அமைந்துள்ள ஊர் வண்டியூர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கியபின் எழுந்தருளும் ஊர் என்ற வகையில் தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. கண்மாயும் வயலும் தோப்பும் சூழ்ந்திருந்த இவ்வூர் இன்று மாநகரோடு இணைந்துவிட்டது. எனினும் கண்மாய்க்கரை மரங்கள், எஞ்சிய தென்னந்தோப்புகள், வரப்போரப் பனைகள், வீட்டுப் புறக்கடை வேம்பும் முருங்கையும் ஆகியவை பறவைகளுக்கு இன்றும் இடம் தருகின்றன. வண்டியூரைக் கடந்து கிழக்கேயும் வடக்கேயும் செல்லுந்தோறும் இத்தகைய நிலம் விரிந்து செல்வதைக் காணலாம்.

இந்நிலத்தில் வாழும் பறவைகளுள் மரங்கொத்தி ஒலியால் எளிதில் அறியப்படுவது. ஆயினும் அதன் வாழ்வில் மிக முதன்மையான பகுதி, அதாவது பார்ப்பு வளர்க்கும் பகுதி, பெரும்பாலும் எவராலும் காணப்படாமலே கழிகிறது. நீர்ப்பறவைகளின் கூட்டினைக் கரையில் நின்று எண்ணிவிடலாம். தூக்கணாங்குருவியின் கூட்டினைத் தொலைவிலிருந்தே கண்டு கொள்ளலாம். மரங்கொத்தியின் கூடோ மரத்திலுள்ள ஒரு வட்டத் துளையாக மட்டுமே தோன்றும்.

தமிழில் பறவையியல் எழுத்துக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ இலக்கியச் சான்றுகளையும் அறிவியலையும் இணைத்துப் பார்த்தது. மா. கிருஷ்ணன் தம் தமிழ்க் கட்டுரைகளில் நேரில் கண்டவற்றை எளிய, துல்லியமான நடையில் எழுதினார். எனினும் ஒரு பறவையின் கூட்டினை நாள்தோறும் நோக்கிப் பதிவு செய்யும் முறை குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. அவ்வகையில் ஒரு தொடக்கமாக இக்கட்டுரை அமைகிறது.

2. சமவெளியின் மரங்கொத்திகள்

தென்தமிழகச் சமவெளியில் பரவலாகக் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி ஆகும். டைனோபியம் பெங்காலென்சி என்பது இதன் அறிவியற்பெயர். 1758இல் லின்னேயஸ் இதனை விவரித்துப் பெயரிட்டார். ஏறத்தாழ 26 முதல் 29 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவையின் முதுகும் சிறகும் பொன்மஞ்சள் நிறமுடையவை. வாலின் அடிப்புறமும் தொண்டையும் கருமையானவை. தொண்டையின் கருமையில் வெண்கீற்றுகள் இருக்கும். ஆண்பறவையின் உச்சியும் கொண்டையும் முழுமையும் சிவப்பு. பெண்பறவைக்குக் கொண்டையின் பின்பகுதி மட்டும் சிவப்பாகவும், முன்னுச்சி வெண்புள்ளிகளுடன் கருமையாகவும் இருக்கும். இவ்வேறுபாடு நோக்குவோர்க்குப் பெரிதும் பயன்படுவது. பொந்தின் வாயிலில் தோன்றும் தலையைக் கொண்டே உள்ளிருப்பது ஆணா பெண்ணா என்று கூறிவிடலாம்.

இதனினும் சிறிய மராட்டிய மரங்கொத்தியும் வறண்ட மரக்காடுகளிலும் தோப்புகளிலும் வாழ்வது. உடல் கருப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்டிருக்கும். நெற்றி மஞ்சள் சாயலுடையது. ஏறத்தாழ 17 முதல் 18 சென்டிமீட்டர் நீளமுடையது. 1801இல் லேத்தம் இதனை விவரித்தார். இவ்விரு பறவைகளும் உலக அளவில் அழியும் நிலையில் உள்ளவை அல்ல. ஆயினும் ஓரிடத்தில் ஒரு பறவை தொடர்ந்து வாழ்வதற்கு அவ்விடத்தில் அது கூடு அமைக்க இயலவேண்டும். உலகளாவிய எண்ணிக்கை நிறைவாக இருப்பதனால் ஓர் ஊரின் பறவை பாதுகாப்பாக உள்ளது என்று கருதிவிட இயலாது.

இலங்கையில் இப்பறவை தரும் ஒப்பீடு குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணப் பகுதியில் வாழ்வது பொன்முதுகு மரங்கொத்தியின் ஒரு கிளையினம். தீவின் தென்பகுதியில் வாழ்வது செம்முதுகுடைய மற்றோர் இனம். இரண்டும் சந்திக்கும் இடைநிலத்தில் கலப்பினப் பறவைகள் காணப்படுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பனை மிகுந்த யாழ்ப்பாணத்திற்கும் மதுரைச் சமவெளிக்கும் பறவையும் மரமும் ஒத்திருப்பதால், இக்கட்டுரை கூறும் நோக்குமுறை அங்கும் பொருந்தும் எனலாம்.

3. புறக்காழும் அகக்காழும்

மரங்கொத்தி எம்மரத்தையும் குடைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது மரத்தைத் தேர்ந்தே குடைகிறது. அத்தேர்வினை விளக்குவதற்குத் தொல்காப்பிய மரபியல் ஒரு நல்ல தொடக்கத்தைத் தருகிறது.

மரபியலில் தொல்காப்பியர் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கிறார். புறத்தே வயிரம் உடையவை புல் எனவும், அகத்தே வயிரம் உடையவை மரம் எனவும் வழங்கப்படும் என்பது அப்பாகுபாடு. காழ் என்பது வயிரம். பனையும் தெங்கும் புறக்காழ் உடையவை. ஆகவே அவை புல்லின்பாற்படும். வேம்பும் புளியும் வாகையும் அகக்காழ் உடையவை; ஆகவே அவை மரம். இன்றைய தாவரவியலும் பனை, தென்னை ஆகியவற்றைப் புல்லினங்களோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. தொல்காப்பியர் இப்பாகுபாட்டைப் பறவைகளைக் கருதிக் கூறவில்லை. எனினும் தண்டின் உறுதி எங்குள்ளது என்ற அவரது வினாவும், பொந்து குடையும் பறவை எதிர்கொள்ளும் வினாவும் ஒன்றே.

பார்ப்பு வளர்ப்பதற்கு ஏற்ற பொந்துக்கு இரண்டு பண்புகள் வேண்டும். உட்பகுதி குடைவதற்கு மென்மையாக இருக்கவேண்டும். சுவர் பகைவர் உடைக்க இயலாதவாறு உறுதியாக இருக்கவேண்டும். அதாவது அகம் மென்மையும் புறம் வன்மையும் உடைய தண்டு வேண்டும். பனையும் தென்னையும் இயல்பிலேயே இவ்வமைப்புடையவை. அவற்றின் தண்டில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் செல்லுந்தோறும் அடர்த்தி குறைகிறது. அடியிலிருந்து உச்சியை நோக்கிச் செல்லுந்தோறும் குறைகிறது. எனவே உயரத்தில் வன்புறத்தைத் துளைத்துவிட்டால், உள்ளே கீழ்நோக்கிக் குடைவது எளிது. பனை பட்டுப்போனபின் உட்பகுதி விரைந்து நைந்து போகிறது. புறவயிரம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. உச்சிக்குருத்தினை இழந்து நிற்கும் மொட்டைப்பனை, மரங்கொத்தியைப் பொறுத்தவரை ஏறத்தாழக் கட்டி முடிக்கப்பட்ட வீடு.

அகக்காழ் மரங்களின் நிலை இதற்கு மாறானது. நன்னிலையிலுள்ள வேம்பிலோ புளியிலோ நடுவயிரம் மிகக் கடினமானது; அதனுள் பொந்து அமைப்பது அரிது. அத்தகைய மரத்தில் வயிரத்தைப் பூஞ்சை தாக்கி நையச் செய்யும்போது நிலைமை மாறுகிறது. நடு மென்மையாகிறது, சுற்றியுள்ள பகுதி உறுதியாக நிற்கிறது. அகக்காழ் மரம் அமைப்பளவில் புறக்காழ் மரத்தை ஒத்துவிடுகிறது. மரங்கொத்திகள் இவ்வாறு உள்நைவுற்ற மரங்களையும் பட்ட கிளைகளையும் தேர்ந்து குடைவதைப் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. முருங்கை, கலியாண முருங்கை, இலவு போன்ற மென்மரங்கள் இதற்கு விலக்காக, உயிருடன் இருக்கும்போதே குடைவதற்கு இடந்தருபவை.

ஆகவே மரங்கொத்தி தேடுவது மரத்தின் பெயரை அன்று, தண்டின் அமைப்பை. இயல்பாகவோ நைவினாலோ புறக்காழாக அமைந்த தண்டு எங்குளதோ, அங்கு அதன் பொந்தினை எதிர்பார்க்கலாம். சமவெளியில் கூடு தேடும் ஆய்வாளர் முதலில் காணவேண்டியது பறவையை அன்று, இத்தகைய மரத்தையே என்பது இதனால் பெறப்படும்.

4. குடைதல் முதல் பறத்தல் வரை

பொன்முதுகு மரங்கொத்தியின் இனப்பெருக்கக் காலம் இந்தியாவில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆகும்; இடத்திற்கும் ஆண்டிற்கும் ஏற்ப இது மாறும். கள்ளழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் சித்திரை இக்காலத்தின் நடுவில் அமைகிறது. இக்காலத்தில் நிகழ்வனவற்றை நான்கு படிநிலைகளாகப் பகுத்து நோக்கலாம்.

4.1 குடைதல்

முதற்சான்று தரையில் கிடைக்கும். குடையும் பறவை மரச்சிராய்களைப் பொந்திலிருந்து வெளியே எறியும். மரத்தடியில் நிறம் மாறாத புதிய சிராய்கள் கிடப்பின், மேலே வேலை நடைபெறுகிறது என்று கொள்ளலாம். மழையிலும் வெயிலிலும் கருத்த பழைய சிராய்கள் முந்தைய பொந்தினைக் குறிப்பவை. அடுத்த சான்று ஒலி. இரை தேடும்போது எழும் கொத்தொலி இடம் மாறிக்கொண்டே இருக்கும், விட்டுவிட்டு ஒலிக்கும். குடையும்போது எழும் ஒலி ஒரே இடத்திலிருந்து நெடுநேரம் வரும். குடைவு ஆழமாகுந்தோறும் ஒலி மங்கிக் கனக்கும். அலகினை மிக விரைவாக அடித்து முழக்கும் ஒலி இவ்விரண்டினின்றும் வேறானது. அது துணையையும் எல்லையையும் பற்றிய அறிவிப்பு. இம்மூன்றையும் வேறுபடுத்தாமல் ‘கொத்தும் ஒலி கேட்டது’ என்று மட்டும் எழுதும் குறிப்பு ஆய்வுக்குப் பயன்படாது.

வாயில் வட்டமாக, பறவையின் உடல் நுழையும் அளவே இருக்கும். வாயிலிலிருந்து சிறிது கிடையாகச் சென்றபின் பொந்து கீழ்நோக்கி இறங்கும். உள்ளே புல், இறகு முதலிய எதனையும் பறவை கொண்டு சேர்ப்பதில்லை. குடைவதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். தொடங்கிய பொந்துகள் அனைத்தும் முற்றுப்பெறுவதில்லை. உள்ளே கடினப்பகுதி எதிர்ப்படின் கைவிடப்படுவதுண்டு. ஆகவே துளையைக் கண்டதும் கூடு எனப் பதிவு செய்யலாகாது.

4.2 அடைகாத்தல்

குடையும் ஒலி நின்றபின் வரும் அமைதியைப் பலர் பறவை சென்றுவிட்டது எனப் பிழையாகக் கொள்வர். உண்மையில் அடைகாத்தல் தொடங்கியிருக்கக்கூடும். பொதுவாக மூன்று முட்டைகள் இடப்படும். அவை நீள்வடிவமும் பளபளப்பான வெண்மையும் உடையவை. திறந்த கூட்டில் இடப்படும் முட்டைகள் பலவற்றுக்குப் பகைவர் கண்ணிலிருந்து மறைக்கும் புள்ளியும் நிறமும் உண்டு. இருண்ட பொந்தினுள் இடப்படும் முட்டைக்கு அது தேவையில்லை. ஏறத்தாழ 11 நாட்களில் பார்ப்பு வெளிவரும்.

ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். மரங்கொத்திக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்களில் இரவில் பொந்தில் தங்குவது ஆண்பறவை. எனவே இந்நிலையின் அறிகுறி பணிமாற்றம் ஆகும். ஒரு பறவை வந்து தண்டில் அமர, உள்ளிருந்தது வெளியேற, வந்தது உள்ளே நுழையும். இவ்வாறு நெடிய இடைவெளிகளில் பணிமாற்றம் நிகழ்வதைக் குறித்துவரின் அடைகாக்கும் காலத்தை உறுதிசெய்யலாம். மாலையில் கடைசியாக நுழையும் பறவையின் உச்சி நிறத்தைக் குறித்துக் கொள்வதும் பயன் தரும்.

4.3 பார்ப்பு வளர்தல்

முட்டையிலிருந்து வெளிவரும் பார்ப்பு இறகின்றியும் கண் திறவாமலும் இருக்கும். பொந்தின் கரடான தரையில் உராய்வதனைத் தாங்க அதன் குதிகாலில் தடித்த தோற்பட்டை அமைந்திருப்பது மரங்கொத்திக் குடும்பத்தின் சிறப்பு.

பணிமாற்றத்தின் இடைவெளி குறைந்து, பெற்றோர் வரவு மிகுவதே பார்ப்பு வெளிவந்ததற்கான முதல் அறிகுறி. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பொன்முதுகு மரங்கொத்தி எறும்புகளை மிகுதியாக உண்பது. எறும்புண்ணும் மரங்கொத்திகள் பல, இரையை விழுங்கிக் கொணர்ந்து பொந்தினுள் கக்கி ஊட்டும் இயல்பின. எனவே வரும் பறவையின் அலகு வெறுமையாகத் தோன்றும். அலகில் புழுவினை எதிர்பார்த்திருக்கும் நோக்குநர், இரையூட்டல் நிகழவில்லை என்று தவறாக எழுதிவிடுவார். வரவின் எண்ணிக்கையும் உள்ளே தங்கும் நேரமுமே சான்று. அலகின் தோற்றம் அன்று.

தொடக்கத்தில் பார்ப்பு பொந்தின் அடியில் கிடப்பதால் பெற்றோர் முழுவதும் உள்ளே சென்று ஊட்டும். வளர்ந்தபின் பார்ப்பு சுவரைப் பற்றி வாயிலுக்கு ஏறிவரும். அப்போது பெற்றோர் வெளியே தண்டினைப் பற்றிக்கொண்டு தலையை மட்டும் நுழைத்து ஊட்டும். முழுநுழைவிலிருந்து தலைநுழைவுக்கு மாறும் நாள், பார்ப்பின் வளர்ச்சியை வெளியிலிருந்தே அளக்க உதவும் நம்பத்தக்க குறி. உள்ளிருந்து எழும் இடையறாத ஒலி நாளடைவில் கூடுவதும் இதனை உறுதிசெய்யும். பெற்றோர் எச்சத்தை அலகில் ஏந்திச் செல்வதையும் காணலாம்.

4.4 வெளியேறல்

வெளிவந்து ஏறத்தாழ 20 நாட்களில் இளம்பறவைகள் பொந்தினை விட்டுப் பறக்கும். அவை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும் என்பதில்லை. பறந்தபின்னும் சில காலம் பெற்றோரைத் தொடர்ந்து திரிந்து இரை கேட்கும்.

பொந்து வெறுமையானது என்பது மட்டும் வெற்றிக்குச் சான்றாகாது. மரமேறும் பாம்பு பார்ப்பினை உண்டிருக்கலாம். மைனாவோ கிளியோ பொந்தினைக் கைப்பற்றியிருக்கலாம். அண்மை மரங்களில் பெற்றோருடன் இளம்பறவை காணப்பட்டால் மட்டுமே ‘வெளியேறியது’ என எழுதவேண்டும். காணப்படாவிடின் ‘முடிவு அறியப்படவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

குடைதல் தொடங்கி வெளியேறல் வரை கூட்டிப்பார்த்தால், ஒரு மரம் ஏறத்தாழ ஏழு வாரங்கள் பயன்பாட்டில் இருப்பது தெரியவரும். அக்காலத்தின் பெரும்பகுதியில் கீழே செல்வோர்க்கு மரம் வெற்று மரமாகவே தோன்றும்.

5. பதிவுக்குரிய சொற்கள்

படிநிலைகளைப் பிரித்துணர்ந்தபின் அவற்றைக் குறிக்கச் சொற்கள் வேண்டும். பேச்சுவழக்கில் முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் பறக்கும் பருவம் வரை அனைத்தையும் ‘குஞ்சு’ என்றே கூறுகிறோம். ஆய்வுப் பதிவில் பொந்தினுள் இருப்பதும் பொந்தினை விட்டு வெளியேறியதும் வேறு வேறு. பொந்தினுள் மூன்று இருந்தன என்பதற்கும் மூன்று பறந்தன என்பதற்கும் உள்ள வேறுபாடே ஒரு கூட்டின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

மரபியல் இளமைப் பெயர்களை வரிசைப்படுத்தும்போது பறப்பனவற்றுக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டினை உரிமையாக்குகிறது. இவ்விரண்டுக்கும் பருவ வேறுபாடு அங்குக் கூறப்படவில்லை. எனினும் இரண்டு சொற்கள் இருப்பது இன்றைய தேவைக்கு வாய்ப்பாகிறது. கூட்டினுள் இருந்து ஊட்டப்படுவதைப் பார்ப்பு எனவும், கூட்டினை விட்டு வெளியேறிப் பெற்றோரைச் சார்ந்து திரிவதைப் பிள்ளை எனவும் வரையறுத்து வழங்கலாம். கிளிப்பிள்ளை என்னும் வழக்கு மக்களிடம் இன்றும் உயிருடன் உள்ளதால் பிள்ளை என்னும் சொல் அயன்மையாகத் தோன்றாது.

அவ்வாறே கூடு, பொந்து என்பவற்றையும் பிரித்து ஆளவேண்டும். மரத்திலுள்ள துளை எதுவாயினும் பொந்து. முட்டையோ பார்ப்போ இருப்பதாகச் சான்று கிடைத்தது மட்டும் பொந்துக்கூடு. இத்தகைய வரையறைகள் சொல்லாக்கப் பயிற்சிக்காக அல்ல. ஒருவர் எழுதிய குறிப்பை மற்றொருவர் ஐயமின்றிப் பயன்படுத்துவதற்கே அவை தேவைப்படுகின்றன.

6. பொந்தின் அடுத்த குடியினர்

பிள்ளைகள் பறந்தபின் பொந்து வீணாவதில்லை. தாமே குடைய இயலாத, ஆனால் பொந்தில் மட்டுமே முட்டையிடும் பறவைகள் பல இச்சமவெளியில் உள்ளன. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை, கொண்டலாத்தி, குண்டுக்கரிச்சான் ஆகியவை அவற்றுள் சில. பனங்காடையின் பெயரிலேயே பனை அமைந்துள்ளது. மீனாட்சியம்மன் திருக்கரத்தில் வீற்றிருக்கும் கிளி மதுரையின் அடையாளம். அக்கிளியின் இனம் வாழ்வதற்கு வேண்டியது பழமும் தானியமும் மட்டுமன்று, ஒரு பொந்தும் ஆகும்.

பொந்து குடைவனவற்றையும் குடியேறுவனவற்றையும் மரங்களையும் இணைக்கும் இவ்வுறவினைக் ‘கூட்டு வலை’ என்னும் கருத்தாகக் கனடாவில் பணியாற்றிய மார்ட்டின், ஈடி ஆகியோர் 1999இல் முன்வைத்தனர். உணவு வலையில் ஓர் உயிர் மற்றொன்றுக்கு இரையாவது போல, கூட்டு வலையில் ஒன்று மற்றொன்றுக்கு இல்லம் தருகிறது. பின்னர் உலகளவில் செய்யப்பட்ட ஒப்பீடு ஒரு வேறுபாட்டையும் காட்டியது. வட அமெரிக்காவில் குடியேறும் பறவைகள் பயன்படுத்தும் பொந்துகளில் பெரும்பான்மை மரங்கொத்திகள் குடைந்தவை. யூரேசியாவிலும் தென்னமெரிக்காவிலும் மரம் தானே நைவதால் உண்டாகும் பொந்துகளே மிகுதி. ஆகவே மரங்கொத்தி இல்லையேல் பிற பறவைகள் இல்லை என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. ஆனால் தானே நைந்து பொந்தாகும் அளவுக்கு முதுமரங்கள் விட்டுவைக்கப்படாத நிலத்தில், குடைந்து தரப்படும் பொந்தின் மதிப்பு உயர்கிறது. நகர் விரியும் ஊர்ப்புறம் அத்தகைய நிலம்.

7. பட்ட பனையின் மதிப்பு

பொந்தின்மை ஒரு பறவையினத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துமா என்னும் வினாவுக்கு விடைதரும் நிகழ்வு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் தென்கிழக்கில் ஊசியிலைக் காடுகளில் வாழும் சிவப்புக் குஞ்ச மரங்கொத்தி, உள்வயிரம் நைந்த முதிய பைன் மரங்களில் பொந்தமைப்பது. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் காட்டில் அதன் பொந்து மரங்களில் பெரும்பான்மையை வீழ்த்தியது. எஞ்சிய மரங்களில் செயற்கைப் பொந்துகள் அமைக்கப்பட்டபோது பறவைகள் அவற்றை ஏற்றன, எண்ணிக்கை மீண்டது. குறைபட்டிருந்தது இரை அன்று, இல்லமே என்பது இதனால் தெளிவாயிற்று.

அங்குப் புயல் செய்ததை இங்கு மனைப்பிரிவும் விறகுத் தேவையும் மெல்லச் செய்கின்றன. நிலம் மனையாகும்போது முதலில் அகற்றப்படுவது காய்க்காத, ஓலை தராத, பட்டுநிற்கும் மரமே. ‘எதற்கும் உதவாதது’ என்பது அதன்மேல் கூறப்படும் காரணம்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021 ஆகஸ்டில் அளிக்கப்பட்ட மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என அறிவித்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளை வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் பனை மெல்ல வளரும் தாவரம். காய்க்கும் பருவம் எய்தவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். பொந்தமையும் உயரமும் பருமனும் எய்த அதனினும் நெடுங்காலம் வேண்டும். இன்று ஊன்றும் விதை, இன்று வெட்டப்படும் மொட்டைப்பனைக்கு மரங்கொத்தியின் பல தலைமுறைகள் கழிந்தபின்னரே ஈடாகும். எனவே விதை ஊன்றுவதும் நிற்பதை விட்டுவைப்பதும் ஒன்றற்கொன்று மாற்று அல்ல. இரண்டும் உடன் நிகழவேண்டியவை.

பட்ட மரம் அனைத்தையும் விட்டுவைக்க இயலாது என்பதும் உண்மை. வீட்டின் மேலோ மின்கம்பியின் மேலோ பாதையின் மேலோ விழக்கூடியதை அகற்றியே ஆகவேண்டும். அத்தகைய இடரில்லாத கண்மாய்க்கரையிலும் வரப்பிலும் தோப்பின் ஓரத்திலும் நிற்பதை அகற்றுவதற்குக் காரணம் இல்லை. அகற்றவேண்டியதாயினும் பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான காலத்தைத் தவிர்ப்பதும், எக்காலத்தும் மரத்தடியில் புதிய சிராய் உள்ளதா என்று பார்த்தபின் வெட்டுவதும் எளிய செயல்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவைகளின் முட்டையையும் கூட்டையும் சிதைப்பதையும் ‘வேட்டை’ என்னும் வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

8. நோக்குவோர்க்குரிய நெறிகள்

கூட்டினை நோக்குவது கூட்டிற்கு ஊறாகிவிடலாகாது. மரத்தைத் தட்டிப்பார்த்தல், ஏறிப்பார்த்தல், பொந்தினுள் ஒளி பாய்ச்சுதல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை. நோக்குநரைக் கண்டு பறவை தண்டின் மறுபுறம் ஒதுங்கியோ, நுழையாமல் காத்தோ இருப்பின் நிற்கும் தொலைவு போதாது என்பதே பொருள்; பின்வாங்கவேண்டும். இருநோக்கியும் கடிகாரமும் குறிப்பேடும் போதுமான கருவிகள். இடத்தைப் பொதுவெளியில் வெளியிடாதிருப்பது நன்று. கிளிக்குஞ்சுகளைப் பிடித்து விற்போர் இன்றும் உள்ளனர்.

ஒவ்வொரு நோக்கத்திலும் நாள், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மரத்தின் பெயர், உயிருள்ளதா பட்டதா என்பது, பொந்தின் தோராய உயரமும் திசையும், வந்த பறவை ஆணா பெண்ணா என்பது, முழுநுழைவா தலைநுழைவா என்பது ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். எதுவும் நிகழாத நேரத்தையும் குறிக்கவேண்டும். அடைகாத்தலை உறுதிசெய்வது அந்நேரமே. கல்லூரி வளாகங்களில் இதனை மாணவர் குழுக்களாகச் செய்யலாம். தமிழ்த் துறையும் விலங்கியல் துறையும் இணைந்து செய்யின், பதிவின் துல்லியமும் சொல்லின் துல்லியமும் ஒருங்கே வளரும். உழவர்களும் பனையேறிகளும் மரங்களை ஆண்டுதோறும் அறிந்தவர்கள். எம்மரத்தில் எவ்வாண்டில் எப்பறவை இருந்தது என்பதை அவர்களிடம் கேட்டுத் தொகுப்பது இப்பணியின் முதற்படியாக அமையலாம்.

9. முடிவுரை

மரங்கொத்தியின் பொந்துக்கூடு மரத்தின் பெயரைச் சார்ந்ததன்று. அகம் மென்மையும் புறம் வன்மையும் உடைய தண்டினைச் சார்ந்தது. பனையும் தென்னையும் இயல்பாலும், பிற மரங்கள் உள்நைவாலும் அவ்வமைப்பினைப் பெறுகின்றன. புறக்காழ், அகக்காழ் என்னும் மரபியற் பாகுபாடு இதனை விளக்குவதற்கு இன்றும் ஏற்றதாக உள்ளது.

பொந்தினுள் நிகழ்வதைச் சிராய், ஒலி, பணிமாற்றம், முழுநுழைவு, தலைநுழைவு ஆகிய வெளியறிகுறிகளால் படிநிலைப்படுத்தி அறியலாம். பார்ப்பு, பிள்ளை என்னும் மரபுச்சொற்களை வரையறுத்து வழங்கினால், கூட்டின் வெற்றியைத் தமிழிலேயே ஐயமின்றிப் பதிவு செய்ய இயலும்.

வண்டியூரின் வரப்பில் நிற்கும் மொட்டைப்பனை ஒன்று பனையேறிக்குப் பயன் தராமல் போயிருக்கலாம். மரங்கொத்திக்கும், அது விட்டுச்சென்ற பொந்தில் அடுத்த பருவத்தில் குடியேறும் கிளிக்கும் பனங்காடைக்கும் ஆந்தைக்கும் அதன் பயன் அப்போதுதான் தொடங்குகிறது. அம்மரத்தை வெட்டுமுன் ஏழு வாரம் அதனை நோக்கிக் குறிப்பெடுக்க ஒருவரேனும் முன்வருவாராயின், வெட்டுவதா விடுவதா என்னும் வினாவுக்கு அக்குறிப்பே விடை தரும்.